திமிங்கலத்துக்கு வெட்டிய குழி

1

திருகோணமலைக்குத் தொலைபேசி எடுக்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார்: "சுகந்தி, உண்மையாய் நீ அதைத் தொட்டனியோ?"

தொட்டேன். வலது உள்ளங்கையை முழுதாக வைத்து, ஒரு பகல் பொழுது தொட்டுக்கொண்டே இருந்தேன். நாளையோடு ஒரு வருடம் ஆகிறது. தொலைபேசியில் ஒழுங்காகச் சொல்ல முடிவதில்லை. பாதியில் யாராவது விலைவாசிக்குப் போய்விடுகிறார்கள். அதனால் எழுதி அனுப்புகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு நாலு வரி. திருமணமாகி மலேசியாவில் மூவாருக்கு வந்து பதினாறு வருடங்கள். ஆற்று முகத்துவாரத்தில் இருக்கும் பழைய பட்டணம், மரத்தளபாடத்துக்குப் பெயர் போனது. அப்படி ஒரு தொழிற்சாலையில்தான் நான் கதிரைகளைச் சரிபார்க்கிறேன். ஒவ்வொன்றையும் சமதரையில் வைத்து நான்கு காலும் படுகிறதா என்று பார்க்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், "கதிரை ஆடுது" என்று சொன்னேன். பக்கத்தில் நின்ற பெண் திகைத்துப் போனாள். "கதிரா? யாரு அக்கா கதிரு? ஏன் ஆடுறாரு?" இங்கே அது நாற்காலி.

கணவர் குணா இங்கேயே பிறந்தவர். ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர்களின் பேரன். எக்ஸ்கவேட்டர் ஓட்டுகிறார், வடிகால் வெட்டுவார், கரை போடுவார். மகள் யாழினி இடைநிலைப் பள்ளி மாணவி. பள்ளியில் அவளுக்கு யாஸ் என்று பெயர். நான் தமிழில் கேட்பேன், அவள் மலாயில் பதில் சொல்வாள். கண்டித்தால் ஆங்கிலத்துக்குத் தாவுவாள்.

வருடத்துக்கு ஒருமுறை ஜொகூர் பாருவுக்குப் போய் என் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர் படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார். பிறகு, "மாசே டி சினி?" என்பார். இன்னும் இங்கேதானா? அவர் சாதாரணமாகத்தான் கேட்கிறார். வெளியே வந்து பேருந்துக்கு நிற்கும்போது எனக்குத்தான் அதற்குப் பதில் தெரியாததுபோல் இருக்கும்.

2

அது பள்ளி விடுமுறைக் காலம். கடலுக்கு அப்பால் எங்கோ காடு எரிந்து அந்தப் புகை எங்கள் மேல் வந்து படிந்திருந்தது. ஒரு வாரமாக வானம் இல்லை. சூரியனை வெறுங்கண்ணால் பார்க்கலாம். தேய்த்து வைத்த செப்புத் தட்டுபோல் இருந்தது. காலையில் குணா போன் பண்ணினார்.

"சுகந்தி, சோறு கட்டி எடுத்துட்டு வா. வேலை முடிய சாயந்தரம் ஆயிடும். யாழினியையும் கூட்டிட்டு வா, பாக்கட்டும். பெரிய மீன் ஒண்ணு செத்துக் கிடக்கு. புதைக்கச் சொல்லியிருக்காங்க."

"எவ்வளவு பெரிசு?"

"வெட்டுன குழி பத்தல. இன்னும் வெட்டிக்கிட்டே இருக்கேன்."

மூவாருக்குத் தெற்கே ஒரு மீனவக் கம்பம். கிராமத்தை இங்கே கம்பம் என்பார்கள். நம் ஊர்க் கடற்கரையை நினைத்துக்கொண்டு வாசிக்காதீர்கள். இங்கே கரை முழுக்கச் சேறு. வத்து நேரத்தில் கடல் வெகுதூரம் பின்வாங்கிவிடும். சாம்பல் நிறச் சேறும், அதன் விளிம்பில் கண்டல் மரங்களும்தான் மிஞ்சும். வழக்கமாக அந்தச் சேற்றில் கொக்குகள் நடக்கும், சேற்று மீன்கள் துள்ளும். அன்று ஒன்றையும் காணவில்லை. கம்பத்து நாய்கள் கண்டல் வேர்கள் வரை வந்து வரிசையாக நின்றன. ஒன்றுகூடச் சேற்றில் கால் வைக்கவில்லை. குரைக்கவும் இல்லை.

முதலில் கவிழ்ந்த படகு என்றுதான் நினைத்தேன். கிட்டப் போகப் போகத்தான் தாடைக்குக் கீழே ஓடிய நீளமான வரிகள் தெரிந்தன. ஏர் உழுத சால்போல் ஒன்றன்பக்கம் ஒன்றாய், வயிறு வரை. தோல் நீலமும் இல்லை, சாம்பலும் இல்லை. நாங்கள் வந்த பேருந்தைவிட நீளம். ஆனாலும் அது இன்னும் வளர்ந்து முடியாத இளசு என்றார் அங்கிருந்த அதிகாரி. ரஸ்லி என்று பெயர். எதையும் மெதுவாகச் சொல்லும் மலாய்க்காரர். நீலத் திமிங்கலம் என்றார். உலகத்தில் இதைவிடப் பெரிய உயிர் கிடையாது, ஒரு காலத்தில் மனிதன் வேட்டையாடி ஏறக்குறைய முடித்தேவிட்டான், மிச்சமிருப்பவை கொஞ்சம்தான், இந்த நீரிணைக்குள் எப்படி வந்ததென்று தெரியவில்லை. கண்ணைத் தொட்டுப் பார்த்தாராம், அசையவில்லை. கால் மணி நேரம் பார்த்தாராம், மூச்சு இல்லை. செத்துவிட்டது என்று போனிலேயே அறிக்கை அனுப்பிவிட்டார்.

கம்பத்து ஆட்கள் இருபது பேர் இருக்கும், தள்ளி நின்றார்கள். எனக்குப் பல் கூசியது. முழங்காலுக்குக் கீழே ஏதோ ஊர்வதுபோல் இருந்தது. தூரத்தில் மேட்டு நிலத்தில் குணாவின் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்ததால் அதுதான் என்று நினைத்தேன்.

"அம்மா, காது அடைக்குது" என்றாள் யாழினி. தமிழில்தான் சொன்னாள்.

அப்போது அந்த உடம்புக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. ஆள் இல்லாத வீட்டில் கனமான கதவு ஒன்று தானாகத் திறப்பதுபோல் நீண்டு வந்து நின்றது. எல்லோரும் ஒரே நேரத்தில் பின்னால் நகர்ந்தார்கள்.

"உள்ளே காற்று" என்றார் ரஸ்லி. "செத்தால் அப்படித்தான் சத்தம் வரும். பயப்பட வேண்டாம்."

3

பயம் எனக்கு வேறு இடத்திலிருந்து வந்தது.

எனக்குப் பதினொரு வயதிருக்கும்போது திருகோணமலை உப்புவெளியில் ஒரு திமிங்கலம் ஒதுங்கியது. சண்டைக் காலம். கரையில் முள்கம்பி போட்டிருந்தார்கள். கம்பிக்கு இந்தப் பக்கம் நாங்கள் நின்றோம், அந்தப் பக்கம் இராணுவம் மண்வெட்டியோடு நின்றது. செத்துவிட்டது, புதைக்கிறோம் என்று ஒருவன் ஒலிபெருக்கியில் அரைகுறைத் தமிழில் சொன்னான். நான் அதன் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது திறந்தது. என்னைப் பார்த்தது. மூடியது.

அம்மாவின் சேலையை இழுத்தேன். "அம்மா, அது…"

அம்மா என் வாயைப் பொத்தினா. துவக்கு வைத்திருப்பவன் செத்தது என்றால் செத்ததுதான். பின்னேரம் வரை மணல் போட்டார்கள். பிறகு பல நாட்கள் தலையணையில் காதை வைக்க முடியாமல் நிமிர்ந்தே படுத்தேன். கீழேயிருந்து ஏதாவது கேட்டுவிடுமோ என்று பயம். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. குணாவிடமும் சொல்லவில்லை.

4

சோற்றுப் பாத்திரத்தை யாழினியிடம் கொடுத்துவிட்டு அதன் பக்கத்தில் போனேன். சேறு முழங்கால் வரை இழுத்தது. கண் மூடியிருந்தது. நெஞ்சுப்புறமாக, உடம்பு அழுத்திய பள்ளத்தில் கொஞ்சம் தண்ணீர் தேங்கியிருந்தது. அது இயந்திரத்தின் அதிர்வில் ஓயாமல் பொடிப்பொடியாய் நடுங்கிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த நடுக்கத்துக்கு நடுவே ஒருமுறை வேறொரு வட்டம் பெரிதாகக் கிளம்பி, விளிம்பு வரை போனது.

"இஞ்சேருங்கோ!" என்று கத்தினேன். "மெஷினை நிப்பாட்டுங்கோ! நிப்பாட்டுங்கோ!"

குணா எதையோ மிதித்துவிட்டோமோ என்று பதறி நிறுத்தினார். ரஸ்லி கோபமாகத் திரும்பினார். அவரிடம் மலாயில் சொன்னேன், இருந்த பதற்றத்தில்: "டியா ஹிடுங் லாகி! டியா ஹிடுங் லாகி!"

கம்பத்து ஆட்கள் சிரித்துவிட்டார்கள். 'ஹிடுப்' என்றால் உயிர். 'ஹிடுங்' என்றால் மூக்கு. இன்னும் மூக்கு, இன்னும் மூக்கு என்று நான் கத்தியிருக்கிறேன். ரஸ்லிகூட முகத்தைத் திருப்பிக்கொண்டார். பதினைந்து வருடம் ஒரு நாட்டில் இருந்துவிட்டு, தேவைப்பட்ட ஒரே ஒரு சொல் வாயில் பிழைத்துப் போனது.

யாழினி சோற்றுப் பாத்திரத்தைச் சேற்றிலேயே போட்டுவிட்டு ஓடி வந்தாள். "ஹிடுப்! எங்கம்மா ஹிடுப்னு சொல்றாங்க! உயிரோட இருக்கு!" பிறகு அதையே மலாயில், பள்ளி மேடையில் பேசுவதுபோல் தெளிவாகச் சொன்னாள். சிரிப்பு நின்றது.

இயந்திரச் சத்தம் அடங்கியதும் எங்கும் ஒரு சத்தமும் இல்லை. புகைக்குள் கடல் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. பள்ளத்துத் தண்ணீர் கண்ணாடிபோல் கிடந்தது. எல்லோரும் அதைக் குனிந்து பார்த்தோம். நான் மனதுக்குள் எண்ணினேன். பத்து. பதினைந்து. குணா இறங்கி வந்து என் பின்னால் நின்றார். "சுகந்தி, விடு. வா போலாம்" என்று மெதுவாகச் சொன்னார். இருபத்தொன்று.

தண்ணீரில் ஒரு வட்டம் எழுந்தது.

யாரோ "அல்லா" என்றார்கள். ரஸ்லி சேற்றில் மண்டியிட்டு, "இதயம்" என்றார். மறுபடி அதே நீளமான அமைதி. அந்த இடைவெளியில் அது செத்துவிட்டதென்றே ஒவ்வொரு முறையும் தோன்றியது. பிறகு இன்னொரு வட்டம். அதன் தலை உச்சியில் இரண்டு துளைகள் திறந்து ஒரு மூச்சு வெளியே வந்தது. சூடான, ஈரமான, அழுகிய இறால் வாடை. என் முகமெல்லாம் தெறித்தது. துடைக்கத் தோன்றவில்லை.

5

ஜொகூர் பாருவிலிருந்து டாக்டர் ஹஸ்லினா என்ற கடல் விலங்கு வைத்தியர் வருவதற்குள் மதியம் தாண்டிவிட்டது. அதற்குள் கம்பத்துப் பெண்கள் வீட்டிலிருந்த பத்தேக் சாரோங் எல்லாவற்றையும் கொண்டுவந்து நனைத்து அதன் முதுகில் போர்த்தினார்கள். பூப்போட்ட துணிகளுக்குக் கீழே அந்த மலை கிடந்தது. வாளி வாளியாகத் தண்ணீர் கைமாறியது. மூச்சுத் துளையில் மட்டும் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள் என்று என்னை அங்கே நிறுத்தினார்கள். அப்படித்தான் என் கை அதன் மேல் இருந்தது. ரப்பர்போல் இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. உரித்த முட்டைபோல் வழுவழுப்பு.

டாக்டர் ஒளித்து மறைக்கவில்லை. "தண்ணீரில் எடையே தெரியாத உடம்பு. கரையில் அதன் எடையே அதை நசுக்கிக்கொண்டிருக்கிறது. மாலையில் பெருக்கு வரும்வரை தாங்கினால் ஒரு வாய்ப்பு. அதுவும் அது கிடக்கும் இடத்துக்கு ஆழமான தண்ணீர் வர வேண்டும்."

குணா தான் வெட்டிய குழியைப் பார்த்தார், பிறகு கடல் பக்கம் பார்த்தார். "வாய்க்கால் வெட்டலாம்" என்றார். "ஆனா மெஷின் சேத்துல இறங்கணும். என் மெஷின் இல்ல, முதலாளியோடது. புதைஞ்சுச்சுன்னா என் வேலை போச்சு."

நான் மூச்சுத் துளையின் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெட்டுங்கோ என்று நான் சொன்னால் அவர் எனக்காகச் செய்ததாகிவிடும். அவர் கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு பலகைகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சேற்றில் போட்டு, அதன் மேல் இயந்திரத்தை அங்குலம் அங்குலமாக நகர்த்திக்கொண்டு போனார். ஒருமுறை ஒருபக்கச் சங்கிலி சேற்றில் இறங்கிச் சாய்ந்தது. பிறகு எப்படியோ நிமிர்ந்துவிட்டது. காலையில் புதைக்க வெட்டிய அதே கை, பின்னேரம் வழி வெட்டியது.

காத்திருந்த நேரத்தில் டாக்டர் யாழினியோடு கதைத்துக்கொண்டே இருந்தார். அவள் எனக்காகத் தமிழில் சொன்னாள். சொற்களைத் தேடித் தேடி, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு சொன்னாள்.

"அம்மா, இது ஆழத்துல போய் சாப்பிடும், மேல வந்துதான் ஆய் போகும். செகப்பா இருக்கும். அதுதான் கடலுக்கு உரம். அதைத் தின்னு ஒரு செடி வளரும்… செடின்னா கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டிச் செடி. அதைப் பூச்சி தின்னும், பூச்சிய மீன் தின்னும். நாம விடுற மூச்சுக்கும் அந்தச் செடிதான் காத்து குடுக்குது. திமிங்கலம் கொறஞ்சா அந்த உரமும் கொறையும்."

"செத்தால்?"

அவள் கேட்டுவிட்டு வந்தாள். "செத்தா அடிக்குப் போயிடும். அங்க வெளிச்சமே இல்ல, சாப்பாடே இல்ல. இந்த ஒரு ஒடம்ப வச்சு ஏதேதோ வருஷக் கணக்கா வாழுமாம். எலும்பத் தின்ற புழுகூட இருக்காம். ஒரு ஊரே இருக்கும்மா அது மேல." கொஞ்சம் யோசித்தாள். "கரையில புதைச்சா கடலுக்கு அது கிடைக்காது."

சின்ன வயதில் படகிலிருந்து நம் கடலில் சிவப்பாக ஒரு திட்டு மிதந்ததைப் பார்த்திருக்கிறேன். யாரோ அடிபட்ட இரத்தம் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன். அந்தக் காலத்தில் வேறெதை நினைப்பது?

6

பெருக்கு சத்தமில்லாமல் வந்தது. புகைக்குள்ளிருந்து முதலில் நுரை, பிறகு தண்ணீர், வாய்க்கால் வழியாக. எங்கள் கால், இடுப்பு, நெஞ்சு. டாக்டர் ஒரு கம்பியின் நுனியில் ஒலிவாங்கியைக் கட்டித் தண்ணீருக்குள் இறக்கினார். சாரோங்குகள் ஒவ்வொன்றாக மிதந்து விலகின. குணா இயந்திரத்தை மேட்டுக்கு ஏற்றிவிட்டு வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அந்தக் கண் திறந்தது. என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மாம்பழ அளவு, பழுப்பு நிறம். இந்த முறை என் வாயை யாரும் பொத்தவில்லை.

உடம்பு ஒருமுறை புரண்டு நிமிர்ந்தது. நாங்கள் எல்லோரும் தள்ளுண்டு விழுந்தோம். எழுந்து பார்த்தபோது வாய்க்காலின் வாயில் முதுகு மட்டும் தெரிந்தது. இரண்டு பக்கமும் நின்ற மீன்பிடிப் படகுகளில் யாரும் இயந்திரத்தை இயக்கவில்லை. அது அவர்களுக்கு நடுவே போய், புகைக்குள் நுழைந்து, இல்லாமல் போயிற்று. தண்ணீர் மூடிக்கொண்டது.

அந்தக் கணத்தில் என் பல்கூச்சம் நின்றது. யாழினி காதைத் தொட்டுப் பார்த்தாள். கம்பத்துப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். காலையிலிருந்து எங்கள் உடம்புக்குள் ஏதோ ஒன்று கேட்டுக்கொண்டிருந்ததென்று அது நின்ற பிறகுதான் தெரிந்தது.

சில மாதங்கள் கழித்து டாக்டர் பதிவை அனுப்பினார். அதன் குரல் மனிதக் காதுக்கு எட்டாத அளவு தாழ்ந்தது. வேகத்தைக் கூட்டினால்தான் கேட்கும். இலங்கையின் கிழக்குக் கரையோரம் பதிவான பாட்டின் அமைப்புதான் இதிலும் இருக்கிறது, பெரும்பாலும் உங்கள் பக்கத்துக் கடலைச் சேர்ந்ததாக இருக்கும் என்று எழுதியிருந்தார். யாழினி ஹெட்போனில் கேட்டாள். "மாடியில யாரோ பெரிய அலமாரிய இழுக்கற மாதிரி இருக்கு" என்றாள். எங்கள் வீட்டுக்கு மாடி கிடையாது. நான் இன்னும் அதைக் கேட்கவில்லை.

7

கதை அதோடு முடிந்ததென்று நினைத்திருந்தேன். போன வாரம் அருங்காட்சியகத்து அதிகாரி ராஜன் என்பவர் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு கோப்பு. பின்னால் நான்கு கூலியாட்கள்.

"குணா வீடு இதுதானுங்களா? போன வருஷம் திமிங்கலம் புதைச்சது அவருதானே? எலும்பை எடுத்துக் காட்சிக்கு வைக்கப் போறோம். மூணு நாளா தோண்டறோம், ஒண்ணும் கிடைக்கல. இடத்தைக் காட்டினாருன்னா…"

"அங்க ஒண்டும் இல்லை. அது கடலுக்குப் போட்டுது" என்றேன்.

அவருக்குப் பாதி புரிந்தது. கோப்பைத் திறந்து காட்டினார். காலையில் ரஸ்லி அனுப்பிய முதல் அறிக்கைதான் பதிவாகியிருந்தது: இறந்தது, புதைக்கப்பட்டது. அவர் பிறகு அனுப்பிய திருத்தம் எங்கே போயிற்றென்று யாருக்கும் தெரியவில்லை. ரஸ்லி மாற்றலாகிப் போய்விட்டார். ஒரு வருடமாக ஒரு காகிதத்தில் அது மண்ணுக்கடியில் கிடந்திருக்கிறது.

எல்லோருமாகக் கம்பத்துக்குப் போனோம். தான் மறுநாளே மூடிய வெறுங்குழியின் இடத்தைக் குணா காட்டினார். அவர்கள் நம்பவில்லை, மறுபடி தோண்டினார்கள். அடியில் கறுத்த தண்ணீர் ஊறியது. அதைச் சுற்றி நின்று எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள், ஒன்றும் இல்லாத ஒரு புதைகுழியை.

"அப்போ யாராவது ஸ்டேட்மென்ட் எழுதிக் குடுக்கணும் லா" என்றார் ராஜன். என் அனுமதி புதுப்பித்தலில் இருந்ததால் என் கையெழுத்து செல்லாது. "யாழினி எழுதட்டும்" என்றார் குணா. "என் மலாய் எழுத்து எனக்கே புரியாது. அவளுக்குத்தான் ஐசி இருக்கே." ஐசி என்பது இங்கே அடையாள அட்டை.

காரின் முன்புறத்தில் படிவத்தை வைத்து அவள் எழுதினாள். இனம், நீளம், கண்ட இடம். பிறகு ஒரு கட்டம்: 'தாரிக் மாத்தி'. இறந்த தேதி.

"அதை வெறுமையா விட்டுடாத மா" என்றார் ராஜன். "விட்டா சிஸ்டம் எடுக்காது. ஏதாவது ஒரு தேதி போடு."

இதே சொற்களை ஊரில் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், கேட்டிருக்கிறேன். கடைக்குப் பாண் வாங்கப் போன என் அண்ணா திரும்பி வராமல் பல வருடங்களுக்குப் பிறகு, அம்மாவின் முன்னால் ஒரு படிவத்தை வைத்து, ஏதாவது ஒரு தேதி போடுங்கோ அம்மா, போட்டால்தான் மற்ற அலுவல் நடக்கும் என்றார்கள். அம்மா பேனாவை வாங்கினா. நெடுநேரம் பிடித்துக்கொண்டிருந்தா. பிறகு அதை மேசையில் வைத்துவிட்டு எழும்பி நடந்தா. யாழினிக்கு அப்படி ஒரு மாமா இருந்ததே தெரியாது. நான் சொன்னதில்லை.

தேதி போடாதே என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் அதற்குள் எழுதி முடித்திருந்தாள். ஒரே சொல். ராஜன் அதை வாங்கி உரக்கப் படித்தார்.

"பெலும்."

இன்னும் இல்லை.

"இப்படி எழுதலாமா, தங்கச்சி?"

"வேற என்ன எழுதறது அங்கிள்? அது செத்ததை நாங்க யாரும் பாக்கலையே" என்றாள் யாழினி, தமிழில்.

ராஜன் குழியைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். பிறகு பையிலிருந்து முத்திரையை எடுத்துக் குத்தினார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் என் அண்ணாவின் பெயரை மகளுக்குச் சொன்னேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, ஒவ்வொரு எழுத்தாகத் தடவிப் பார்ப்பதுபோல் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"நிமலன் மாமா."